பஸ் வந்தது, பன்றிக்கறி வாங்கினார்கள் – பண்ணைக்காரனுக்கு என்ன வந்தது?





"நம்ம வாய்க்கால் தூர் வாரலை, கொள்முதல் நிலையத்துல மூட்டைக்கு இவ்வளவுன்னு கறக்குறான், செயலாளர் என்னடான்னா அமெரிக்கா கதை எழுதுறாரே" என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். ஆனால் இந்தக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்து முடியுங்கள். முடிக்கும்போது இது அமெரிக்கா கதையா, நம் ஊர்க் கதையா என்று நீங்களே சொல்வீர்கள்.

ஓட்டுக் காலம் வந்தால் தலைவர்கள் வயலுக்கு வருவார்கள். வரப்பில் நிற்பார்கள். தோளில் பச்சைத் துண்டு ஏறும். ஒரு கதிரைப் பிடித்துப் பார்ப்பார்கள். போட்டோ எடுப்பார்கள். போவார்கள். இது நம் நாட்டில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்காதீர்கள். உலகத்திலேயே பெரிய பணக்கார நாட்டிலும் இதே கூத்துதான். அங்கே மேடை பெரிசு, செலவு பெரிசு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஒரு நாள்

அமெரிக்காவின் நடுமத்தியில் அயோவா என்று ஒரு மாநிலம். மண்வெட்டி போட்டால் கருப்பு மண். எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம், சோயா, பன்றிப் பண்ணை. அந்த நாட்டிலேயே மக்காச்சோளமும் பன்றியும் அதிகம் விளைவதும் வளர்வதும் அங்கேதான். சராசரி விவசாயிக்கு 345 ஏக்கர் இருந்தது என்று 2012 கணக்கெடுப்பு சொல்கிறது. நம் தமிழ்நாட்டு சராசரி இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2012-ஆம் ஆண்டு அந்த நாட்டில் கொடிய வறட்சி. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படி ஒரு வறட்சியை அவர்கள் பார்த்ததில்லை. அந்த ஜூலை மாத வெயில் அதுவரை இருந்த பதிவுகளை எல்லாம் உடைத்தது. நாட்டின் மாவட்டங்களில் பாதிக்கு மேல் பேரிடர் பகுதி என்று அறிவித்தார்கள். கதிர் பிடிக்கிற நேரத்தில் பயிர் காய்ந்தது. அவர்கள் கணக்கு புஷல். மக்காச்சோளத்துக்கு ஒரு புஷல் என்றால் சுமார் 25 கிலோ 400 கிராம். அந்த ஆகஸ்ட் மாதம் அரசு போட்ட மதிப்பீட்டில் ஏக்கருக்கு 123 புஷல், அதாவது 31 குவிண்டால் சொச்சம். நமக்கு அது நல்ல மகசூல். அவர்களுக்கு 1995-க்குப் பிறகு வந்த படுமோசமான மகசூல். விலை புஷலுக்கு 8 டாலரைத் தாண்டி ஏறியது. சோளம் வைத்திருந்தவனுக்கு யோகம். தீவனம் வாங்கிப் பன்றி வளர்த்தவனுக்குச் சாவு.

இந்த நேரத்தில் நவம்பர் 6-ஆம் தேதி ஜனாதிபதி தேர்தல். பதவியில் இருந்த ஒபாமா இரண்டாம் முறை நிற்கிறார். ஆகஸ்ட் 13-ஆம் தேதி காலை, கவுன்சில் பிளஃப்ஸ் என்ற ஊரில் தொடங்கி, மூன்று நாள் பஸ் பயணம். கருப்பு நிறத்தில் குண்டு துளைக்காத பஸ். அந்த மாதிரி பஸ் ஒன்றின் விலை 11 லட்சம் டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. முதல் நாள் காலை கூட்டம். பிறகு மிசௌரி வேலி பக்கம் காய்ந்துபோன ஒரு சோளக் கொல்லையைப் பார்வையிட்டார். பிறகு பூன் என்ற ஊரில் கூட்டம். சாயங்காலம் தலைநகர் டி மாயினில் மாநிலச் சந்தை. 1854 முதல் நடக்கிற பெரிய விவசாயச் சந்தை அது.

அங்கே பன்றிக்கறித் துண்டு வாங்கித் தின்றார். பீர் பந்தலுக்குப் போய் கூட்டத்துக்கு பீர் வாங்கிக் கொடுத்தார். "இன்னும் நாலு வருஷம்" என்பது அவருடைய கட்சிக் கோஷம். கூட்டம் அதை "இன்னும் நாலு பீர்" என்று மாற்றிக் கத்தியது. எல்லா டிவியிலும் அதுதான். ஆனால் அடுத்து வந்த சேதி சின்ன எழுத்தில் வந்தது. பாதுகாப்புக்காகப் பந்தலை அடைத்துவிட்டதால் தனக்கு 25 ஆயிரம் டாலர் வியாபாரம் போச்சு என்று அந்தப் பந்தல் கடைக்காரர் புலம்பினார். தலைவர் நாலு பீர் வாங்கினார், கடைக்காரனுக்கு ஒரு நாள் கல்லா போச்சு!

இதுகூடப் பரவாயில்லை. 2004-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் தேதி அதே அயோவாவில் டேவன்போர்ட் என்ற ஊரில் ஜனாதிபதி புஷ் ஒரு பக்கம், எதிர்த்து நின்ற கெர்ரி மறுபக்கம், ஒரே நாளில் பிரச்சாரம். அன்றைக்கு அந்த ஊரில் மூன்று வங்கிகளில் கொள்ளை நடந்தது. தலைவர்கள் வருகிற நாளில் ஊருக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

கையில் கொடுத்தது என்ன?

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு ஒபாமா வெறுங்கையோடு வரவில்லை. அரசாங்கம் 17 கோடி டாலர் வரை இறைச்சி வாங்கும் என்று அறிவித்தார். பன்றிக்கறி 10 கோடி, கோழிக்கறி 5 கோடி, ஆட்டுக்கறி 1 கோடி, கெளுத்தி மீன் 1 கோடி. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு 900 கோடி ரூபாய்க்கு மேல். அந்த இறைச்சி உணவு வங்கிகளுக்கும் ஏழைகளுக்கான உணவுத் திட்டங்களுக்கும் போகும். தீவனம் வாங்க முடியாமல் பண்ணைக்காரர்கள் பன்றியை அவசரமாக விற்கிறார்கள், விலை விழுந்துவிடும், அதைத் தாங்கிப் பிடிக்க இந்தக் கொள்முதல் என்று காரணம் சொன்னார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விவசாயி கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. பணம் யார் கைக்குப் போகிறது?

அரசாங்கம் உயிர்ப் பன்றியை விவசாயியிடம் வாங்கவில்லை. வெட்டி, பதப்படுத்தி, பெட்டியில் போட்ட கறியைக் கம்பெனிகளிடம் டெண்டரில் வாங்குகிறது. அந்த நாட்டில் வெட்டப்படும் பன்றியில் மூன்றில் இரண்டு பங்கை நாலே நாலு கம்பெனிகள் வெட்டுகின்றன. பணம் முதலில் அங்கே போகும். அங்கிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்து, பன்றி வளர்த்தவன் கைக்கு எவ்வளவு வரும் என்று எந்த மேடையிலும் யாரும் சொல்லவில்லை. தலைமடைக்காரன் மடையை அடைத்து வைத்துக்கொண்டு, "ஆத்துல தண்ணி விட்டாச்சே" என்று கடைமடைக்காரனிடம் சொல்வது மாதிரி.

வேறு உதவியும் செய்தார்கள், மறைக்க வேண்டாம். அதற்கு முந்தைய மாதமே அவசரக் கடன் வட்டியை 3.75 சதவீதத்திலிருந்து 2.25 சதவீதமாகக் குறைத்தார்கள். மண் காப்புக்காகத் தரிசாகப் போட்டிருந்த நிலங்களில் மாடு மேய்க்க, புல் அறுக்க அனுமதித்தார்கள். அது உருப்படியான காரியம். ஆனால் அதற்கு பஸ்ஸும் தேவையில்லை, பந்தலும் தேவையில்லை. ஆபீசில் உட்கார்ந்து போட்ட உத்தரவு அது.

ஏன் அயோவா? ஏன் அக்கரைக்குப் போகவில்லை?

கவுன்சில் பிளஃப்ஸ் ஊர் மிசௌரி ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் நெப்ராஸ்கா மாநிலம். அந்த வருஷம் வறட்சி நெப்ராஸ்காவில் இன்னும் கொடுமை. அங்கேயும் சோளம்தான், அங்கேயும் மாடுதான், அங்கேயும் விவசாயிதான். ஆனால் மூன்று நாள் பஸ் ஓடியது அயோவாவில்.

காரணம் எளிது. அந்த நாட்டில் ஜனாதிபதியை மாநில வாரியான 538 ஓட்டுகளை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். 270 வேண்டும். அயோவாவுக்கு அப்போது 6 ஓட்டு. அது இப்படியும் விழும், அப்படியும் விழும். நெப்ராஸ்கா பெரும்பாலும் எதிர்க்கட்சிக்கு எழுதி வைத்த மாநிலம். ஆக, காய்ந்த பயிரை வைத்து பஸ்ஸின் வழி போடப்படவில்லை. ஊசலாடும் ஓட்டை வைத்துப் போடப்பட்டது. எதிர்த்தரப்பும் அதே கணக்குத்தான். துணை ஜனாதிபதி வேட்பாளராக ஆகஸ்ட் 11-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட பால் ரையன், 13-ஆம் தேதி அதே டி மாயின் சந்தையில்தான் வந்து நின்றார்.

நாம் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது: தலைவனை நம் வயலுக்கு வரவழைப்பது நம் கஷ்டம் இல்லை. நம் ஓட்டு எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் இருப்பதுதான் அவனை வரவழைக்கிறது. "இவனுங்க எப்பவும் நம்ம ஆளு" என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஜாதிக்கும் கொடிக்கும் ஓட்டை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, "எங்க ஊருக்கு யாருமே வரலை" என்று அழுவதில் என்ன பிரயோஜனம்?

பேசாமல் விட்ட பேச்சு

இதே ஒபாமா 2008-ல் முதல் தடவை நின்றபோது அயோவா விவசாயிக்கு என்ன சொன்னார்? இறைச்சிக் கம்பெனிகளே கால்நடை வளர்த்து, விவசாயியை விலையில் அடிப்பதைத் தடுப்பேன் என்றார். ஏகபோகத்துக்கு எதிரான சட்டத்தைக் கடுமையாக்குவேன் என்றார். பெரிய பண்ணைகள் மானியத்தை அள்ளிக்கொண்டு போவதற்கு உச்சவரம்பு வைப்பேன் என்றார். அந்த ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி அயோவாவில் கட்சிக்குள் நடந்த முதல் தேர்வில் அவரை ஜெயிக்க வைத்ததும் அந்த மக்கள்தான்.

2010 மார்ச் 12-ஆம் தேதி அயோவாவிலேயே ஆங்க்கனி என்ற ஊரில் பெரிய விசாரணைக் கூட்டம் போட்டார்கள். சட்டத் துறைக்குத் தலைமை தாங்கியவரும் வேளாண் துறை அமைச்சரும் நேரில் வந்து உட்கார்ந்தார்கள். வேளாண் துறை அமைச்சர் வேறு யாரும் இல்லை, அயோவாவின் முன்னாள் கவர்னர் வில்சாக்! விவசாயிகள் வந்து வாய் திறந்து பேசினார்கள். ஜூன் மாதம், விவசாயிக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் நியாயம் வேண்டும் என்று விதிகள் வரைவாக வந்தன.

அப்புறம்? கம்பெனிகள் சும்மா இருக்குமா? நாடாளுமன்றத்தில் போய் நின்றார்கள். 2011 நவம்பரில், அந்த விதிகளில் முக்கியமானவற்றை முடித்து வெளியிடக் காசு செலவழிக்கக் கூடாது என்று பட்ஜெட் சட்டத்திலேயே முட்டுக்கட்டை போட்டார்கள். டிசம்பரில் வந்த விதி, நெல்லைத் தூற்றிவிட்டு மிச்சம் கிடந்த பதர் மாதிரி. மூன்று வருஷ உழைப்பு போயே போச்சு. எட்டு மாதம் கழித்து பஸ் வந்தபோது பெரிய அறிவிப்பாக வந்தது அந்த விதி இல்லை, கறிக் கொள்முதல்.

இதன் விளைவு என்ன தெரியுமா? 1982-ல் அயோவாவில் பன்றி வளர்த்த பண்ணைகள் சுமார் 49 ஆயிரம். 2012-ல் ஆறாயிரம் சொச்சம். பன்றி குறைந்துவிட்டதா? இல்லை. 2012-ல் இரண்டு கோடிக்கு மேல் பன்றி இருந்தது. பன்றி பெருகியது, பன்றிக்காரன் ஒழிந்தான். அந்த முப்பது வருஷத்தில் எத்தனை தேர்தல், எத்தனை பேர் வந்து எத்தனை பன்றிக்கறித் துண்டு தின்றுவிட்டுப் போனார்கள்! ஒவ்வொரு தேர்தலுக்கும் வைக்கோல் கட்டு மேல் ஏறி நின்று "குடும்ப விவசாயிதான் இந்த நாட்டின் முதுகெலும்பு" என்ற மாதிரி பேச்சுத்தான். முதுகெலும்பு என்று சொல்லிக்கொண்டே முதுகில் ஏறினார்கள்.

சட்டம் எங்கே போச்சு?

அன்றைக்குக் காலைக் கூட்டத்தில் ஒபாமா இன்னொன்றும் சொன்னார். வேளாண் மசோதாவை நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபை நிறைவேற்றாமல் கிடப்பில் போட்டிருக்கிறது, குறுக்கே நிற்பவர்களில் ரையனும் ஒருவர், அவரைப் பார்த்தால் சொல்லுங்கள் என்றார். எதிர்த்தரப்பு, "நாங்கள் ஆகஸ்ட் 2-ஆம் தேதியே வறட்சி நிவாரண மசோதாவைக் கீழ்ச்சபையில் நிறைவேற்றிவிட்டோம், மேல்சபைதான் எடுக்கவில்லை" என்றது. இவர் அவரைச் சொல்ல, அவர் இவரைச் சொல்ல, நடுவில் மாடு காய்ந்தது.

இந்த வேளாண் சட்டம் என்பதை நாம் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1933-ல் தொடங்கியது. ஏறக்குறைய ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை காலாவதியாகும். விலை ஆதரவு, பயிர்க் காப்பீடு, கடன், மண் காப்பு, ஏழைகளுக்கான உணவு எல்லாம் அதற்குள்தான். அப்போதிருந்த சட்டம் 2012 செப்டம்பர் 30-ஆம் தேதி முடிந்தது. முடிந்த அன்றைக்குப் புதுச் சட்டம் இல்லை. உறுப்பினர்கள் எல்லாரும் ஓட்டுக் கேட்க ஊருக்குப் போய்விட்டார்கள்! பால்காரர்களுக்கு விலை விழுந்தால் கிடைக்கும் உதவித்தொகை அன்றோடு நின்றது. மாடு வளர்ப்பவர்களுக்கான பேரிடர் நிவாரணத் திட்டமோ அதற்கும் ஒரு வருஷம் முன்பே, 2011 செப்டம்பரில் முடிந்து போயிருந்தது. ஐம்பது வருஷத்தில் காணாத வறட்சி வந்தபோது மாட்டுக்காரனுக்குத் திட்டமே இல்லை.

பிறகு 2013 ஜனவரியில் பழைய சட்டத்தையே தற்காலிகமாக நீட்டித்தார்கள். அதற்கும் என்ன காரணம் தெரியுமா? புதுச் சட்டம் இல்லாவிட்டால் 1949-ஆம் ஆண்டுப் பழைய சட்டம் தானாக உயிர் பெறும், பால் விலை இரட்டிப்பாக ஏறும் என்ற பயம். அந்தப் பயம் இல்லாவிட்டால் அதுவும் நடந்திருக்காது. தார்க்குச்சி கையில் இருந்தால்தான் மாடு நகரும். அப்படியும் மாட்டுக்காரரின் நிவாரணத்துக்குப் பணம் வரவில்லை. 2013 ஜூனில் கீழ்ச்சபை மசோதாவைத் தோற்கடித்தது. கடைசியில் 2014 பிப்ரவரி 7-ஆம் தேதிதான் ஒபாமா புதுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதில்தான் மாட்டுக்காரருக்கு முன்தேதியிட்டு நிவாரணம் வந்தது. பஸ் வந்து போய் ஒன்றரை வருஷம். அதற்குள் எத்தனை பேர் மந்தையை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு ஒதுங்கியிருப்பார்கள்!

இன்னொரு வேடிக்கை. அங்கே மக்காச்சோளத்தில் சுமார் 40 சதவீதம் எத்தனால் எரிபொருளுக்குப் போகிறது. பெட்ரோலில் கலந்தே தீர வேண்டும் என்று சட்டம். வறட்சியில் தீவனம் ஏறியதும், "இந்த வருஷம் கட்டாயத்தைத் தளர்த்துங்கள்" என்று கால்நடைக்காரர்களும் சில மாநில கவர்னர்களும் கேட்டார்கள். சோளக்காரர்கள் "கூடாது" என்றார்கள். இரண்டு பேரும் விவசாயி, இரண்டு பேருக்கும் ஓட்டு இருக்கிறது. முடிவு எப்போது வந்தது? தேர்தல் முடிந்து பத்து நாள் கழித்து, நவம்பர் 16-ஆம் தேதி. தளர்த்த முடியாது என்று வந்தது. விவசாயிக்குள் விவசாயி மோதிக்கொண்டால் தலைவனுக்கு எவ்வளவு வசதி பாருங்கள்.

அவர்களிடம் இருப்பது, நம்மிடம் இல்லாதது

இவ்வளவு திட்டிவிட்டு ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வறட்சியில் அயோவா சோளக்காரன் தூக்கில் தொங்கவில்லை. ஏன்? பயிர்க் காப்பீடு. 2012 இழப்புக்குக் காப்பீடு கொடுத்த பணம் 1,700 கோடி டாலருக்கு மேல். பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசாங்கம் கட்டுகிறது. விவசாயி விரும்பினால் அவனவன் நிலத்து மகசூலை வைத்தே இழப்பைக் கணக்கிடும் பாலிசி எடுக்கலாம். பஸ் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பணம் வந்திருக்கும். அது சட்டத்தில் இருந்தது. அதிலும் பெரிய பண்ணைக்குத்தான் பெரிய பங்கு என்ற குறை உண்டு. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

இங்கே? 2016-ல் வந்த பிரதமரின் காப்பீட்டுத் திட்டத்தில் நாம் கட்டுவது குறைவுதான். குறுவைக்கு 2 சதவீதம், சம்பாவுக்கு 1.5 சதவீதம், பருத்தி போன்ற பணப்பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5 சதவீதம். ஆனால் மகசூல் இழப்பை என் வயலை வைத்துக் கணக்கிட மாட்டான். கிராமத்தில் சில இடத்தில் அறுவடைச் சோதனை செய்து, மொத்தக் கிராமத்துக்கும் ஒரே கணக்கு. என் வயல் அழுகி, சோதனை செய்த மேட்டு வயல் விளைந்திருந்தால் எனக்குப் பூஜ்யம்.

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் பெருமழை. கதிர் முற்றும் நேரத்தில் வயல் முழுக்கத் தண்ணீர். ஒரு பெரிய தலைவர் பார்வையிட வந்தார். கால் சேறு ஆகாமல் இருக்க முதல்நாள் ராத்திரியே வரப்பில் மணல் மூட்டை அடுக்கினார்கள். அடுக்கியது யார்? நாங்கள்தான்! அழுகின பயிர்க் கொத்தை ஒரு பெரியவர் கையில் கொடுத்தார். தலைவர் வாங்கி உயர்த்திப் பிடித்தார். ஏழெட்டு நிமிஷம்தான். வண்டி கிளம்பிவிட்டது. அந்தக் கொத்தைத் தார் ரோட்டோரம் போட்டுவிட்டுப் போனார்கள். காப்பீட்டுப் பணம் வந்தபோது பக்கத்துக் கிராமத்துக்கு வந்தது, எங்கள் கிராமத்துக்கு ஒரு பைசா இல்லை. கொத்தைக் கொடுத்த பெரியவர் அடுத்த வருஷம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். "போட்டோவுல என் கை மட்டும் தெரியுதுடா தம்பி" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

மணல் மூட்டை அடுக்கிய கைகளே, யோசியுங்கள்.

அந்தச் சோளம் நம் வீட்டு வாசலுக்கும் வரும்

அயோவாவில் நடந்தால் நமக்கென்ன என்று இருக்க முடியாது. அந்த நாட்டுத் தலைவர்கள் தங்கள் விவசாயிக்கு ஓட்டு மேடையில் கொடுக்கிற வாக்குறுதியில் ஒன்று, "உங்கள் சரக்குக்கு வெளிநாட்டுச் சந்தை பிடித்துத் தருவேன்" என்பது. அந்த வெளிநாட்டுச் சந்தை யார்? நாம்தான்.

2025 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தகத் துறை அமைச்சர் லுட்னிக் வெளிப்படையாகக் கேட்டார்: 140 கோடி ஜனம் என்று பெருமை பேசும் இந்தியா எங்களிடம் ஒரு புஷல் மக்காச்சோளம்கூட வாங்க மாட்டேன் என்கிறதே, ஏன் என்று. பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல், விருதுநகர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போட்டு, 2018 முதல் படைப்புழுவோடு மல்லுக்கட்டுகிற நம் ஆட்கள் காதில் அது விழ வேண்டும். 345 ஏக்கர்க்காரனும், காப்பீடும் மானியமும் சட்டமாக வாங்கி வைத்திருப்பவனும், ஒரு பக்கம். இரண்டு ஏக்கர்க்காரன் மறுபக்கம். இதற்குப் பெயர் போட்டியா? 2025-26 காரிஃப் பருவத்துக்கு மத்திய அரசு மக்காச்சோளத்துக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அறிவிப்பு பேப்பரில் இருக்கிறது. களத்துமேட்டில் வியாபாரி சொல்வதுதான் விலை.

பருத்தியைப் பாருங்கள். அமெரிக்கா தன் பருத்திக்காரனுக்குக் கொடுக்கும் மானியம் உலக விலையைக் கெடுக்கிறது என்று பிரேசில் 2002-ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. ஜெயித்தது. 2014-ல் 30 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா சமாதானம் பண்ணிக்கொண்டது. நம் நாடு என்ன செய்தது? 2025 ஆகஸ்ட் 19 முதல், பருத்தி மேல் இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை எடுத்தார்கள். முதலில் செப்டம்பர் வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். புதுப் பருத்தி சந்தைக்கு வருகிற மாதங்கள் அவை! மில்லுக்கு நூல் விலை குறைய வேண்டும் என்றார்கள். மில் தொழிலாளி பிழைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த விலையைப் பருத்திக்காரன் முதுகிலிருந்து உரித்துத்தான் கொடுக்க வேண்டுமா?

ஆகவே என்ன செய்வது?

தலைவர்கள் வரட்டும். வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அயோவா சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. வேட்பாளர் வைக்கோல் கட்டு நடுவில் நின்று பேச வேண்டும், சுற்றி நிற்கிற ஜனம் கேள்வி கேட்கும், கூச்சல் போடும். 2012-ல் ரையனுக்கும் அதுதான் கிடைத்தது. நம் ஊரில் நாம் மாலையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறோம். அந்தப் பழக்கத்தை முதலில் விடுவோம். சங்கம் எடுத்திருக்கும் முடிவு இது:

1. எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் மாலை, ஆரத்தி, பச்சைத் துண்டு கிடையாது. எழுதின கேள்வித்தாள் கொடுப்போம். பதிலை எழுத்தில், கையெழுத்தோடு வாங்கி, சாவடிச் சுவரில் ஒட்டுவோம். அடுத்த தேர்தலில் அதே சுவருக்கு முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்வோம்.

2. முதல் கேள்வி: ஆதரவு விலைக்குக் கீழே வாங்குவது குற்றம் என்று சட்டம் போட ஓட்டளிப்பாயா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று.

3. இரண்டாவது: காப்பீட்டுக்கு அறுவடைச் சோதனை எந்த வயலில், எந்தத் தேதியில், எத்தனை கிலோ என்று பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் எழுதிப் போட வைப்பாயா? குத்தகைக்காரனுக்கும் காப்பீடு கிடைக்க வழி செய்வாயா?

4. மூன்றாவது: மக்காச்சோளம், பருத்தி, பால், சோயா – எதன் மேல் இறக்குமதி வரியைக் குறைப்பதானாலும் அறுவடைக் காலத்தில் குறைக்க மாட்டோம் என்று உன் கட்சி எழுதிக் கொடுக்குமா?

5. நாலாவது: வெள்ளம், வறட்சி நிவாரணம் எத்தனை நாளில் கைக்கு வர வேண்டும் என்று சட்டத்தில் எழுதுவாயா? தாமதமானால் வட்டி தருவாயா?

இந்த ஐந்தையும் வருகிற கிராமசபைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 எது முதலில் வந்தாலும் சரி. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசிக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, நகல் கேட்டு வாங்குங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்றால் எழுந்து நின்று கேளுங்கள். பெண்கள் முன்னால் உட்காருங்கள். களையெடுப்பதும் நாற்று நடுவதும் நீங்கள்தான், கேட்கிற உரிமை உங்களுக்குத்தான் முதலில்.

சோளக்காரனும் கோழிக்காரனும், ஆத்துப் பாசனமும் கிணத்துப் பாசனமும், மேலத்தெருவும் கீழத்தெருவும் நமக்குள்ளேயே முட்டிக்கொண்டால் அயோவாவில் நடந்ததுதான் நமக்கும். பன்றி இருக்கும், பன்றிக்காரன் இருக்க மாட்டான். நிலம் இருக்கும், நாம் இருக்க மாட்டோம்.

பஸ் வரும், போகும். சட்டம்தான் நிற்கும். அந்தச் சட்டத்தை யாரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுக்க மாட்டார்கள். நாம்தான் போய்ப் பிடித்து இழுத்து வர வேண்டும்.

மணல் மூட்டை அடுக்க மாட்டோம்!
கேள்வி கேட்காமல் விட மாட்டோம்!
அறிவிப்பு வேண்டாம், சட்டம் வேண்டும்!
அந்நிய சோளத்துக்கு வாசலைத் திறக்காதே!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

தோழமையுடன்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்.

(படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.)